உப்பு பிஸ்கட் உடைந்த சத்தம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இனி என் தூண்டிலை எந்த மீனும் முகர்ந்துகூடப் பார்க்காமல் போகட்டும். ஏரிக்கு ஏரி தூண்டில் போடுகிற மினசோட்டாக்காரன் ஒருவனால் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

அந்த டிசம்பர் வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் டோவா நின்றாள்.

வயது ஒன்பது. காதுகளை இறுக்கி மூடிய நீலக் கவசம். கையில் ஒரு டப்பா, அதற்குள் ஆறு உப்பு பிஸ்கட்.

ஒரு பக்கம் அவள் அம்மா பிரிட்டா. மறுபக்கம் ஐனார் என்கிற நான், அந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைக்கிறவன்.

டோவாவுக்குப் பேச்சு கிடையாது. வேண்டியதை, இடுப்பு வளையத்தில் கோத்த பட அட்டைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்துச் சொல்வாள். இரண்டு வருடமாக அவள் மதியச் சாப்பாடு என் சாமான் அறையில்தான், வாளிகளுக்கு நடுவில். அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

கூடத்துச் சத்தம்தான் அவளுக்கு ஆகாது. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிற சத்தம். அதற்குப் பயந்து சுவர்க் கடிகாரம் பின்பக்கமாக ஓடியதை நானே ஏணி போட்டு ஏறித் திருத்தியிருக்கிறேன்.

அன்றைக்குச் சோதனை. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டால் அவள் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஜனவரி முதல் ஐம்பது மைல் தள்ளி ஒரு தனி வகுப்பு. போகவர மூன்று மணி நேரம் பஸ்ஸில். அதற்கான தாள் தலைமையாசிரியர் ஹாகனின் சட்டைப்பையில் இருந்தது.

ஹாகன் தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் செய்கிற தவறைத்தான் செய்தார்.

சத்தம் தாங்காத பிள்ளையை வரவேற்கப் பள்ளியின் பேண்டுக் குழுவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பதினான்கு டிரம்பெட். நான்கு முரசு. ஆளையே மறைக்கிற பெரிய பித்தளை ஊதுகுழல் ஒன்று, டூபா. எல்லாம் தூக்கிப் பிடித்துத் தயாராக.

பிரிட்டா ஹாகனிடம் திரும்பினாள். "என்ன சார் இது? எம் பொண்ணு என்ன கவர்னரா?"

"புள்ளைக்கு ஒரு உற்சாகமா இருக்கட்டுமேன்னுதாம்மா..."

ஹாகனின் கை ஏற்கெனவே மேலே போயிருந்தது. அது கீழே வந்தால் குழு முழங்கும்.

டோவா வளையத்திலிருந்து ஓர் அட்டையைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். வீட்டுப் படம்.

பிரிட்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளின் தோளைப் பற்றித் திருப்பினாள்.

அப்போது டூபா தரைக்கு இறங்கியது. அதன் பின்னாலிருந்து லின்னியா என்கிற ஐந்தாம் வகுப்புப் பெண் எழுந்தாள். டூபாவைவிட அரைச் சாண் குட்டை.

"எவனாவது ஊதினீங்க, அந்தக் குழாய்க்குள்ளயே போட்டு அடச்சிடுவேன். மூச்சக்கூட மெதுவா விடுங்கடா. அவ உள்ள வரட்டும்."

ஹாகனின் கை போன இடத்திலேயே நின்றது.

முதலில் வாத்தியக்காரர்கள் அடங்கினார்கள். அடுத்து முன்வரிசை மேசை. அதற்கடுத்தது. ஏரி உறைவதைப் போல, கரையிலிருந்து நடுவை நோக்கி அமைதி பரவிற்று.

அதன் பிறகு நான் கேட்டதைச் சொல்கிறேன். கேட்டதை மட்டும்.

கூரையில் பனி விழுவது கேட்டது. இரண்டு துகள்கள் ஒட்டிக்கொண்டு விழுந்தபோது அதுவும் தனியாகத் தெரிந்தது. பால் பெட்டிகளுக்கு வியர்ப்பது கேட்டது. மூன்றாவது ஜன்னலில் ஒரு சிலந்தி கால் மாற்றி நின்றது; எந்தக் கால் என்றுகூடச் சொல்வேன். ஹாகனின் மீசையில் ஒரு முடி நரைத்தது. தபால் உறையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், லேசாக.

டோவா தலையைச் சாய்த்தாள்.

இரண்டு கைகளாலும் கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவளுடைய காதுகளை நான் பார்த்தது அன்றுதான். சின்னக் காதுகள். அழுந்திச் சிவந்திருந்தன.

அம்மாவின் கையிலிருந்த வீட்டைத் திரும்ப வாங்கி வளையத்தில் கோத்தாள். உள்ளே நடந்தாள். டூபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு பிஸ்கட்டையும் மேசையில் வரிசையாக வைத்தாள். முதலாவதைக் கடித்தாள்.

மார்ச் மாதம் ஏரிப் பனி பிளக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அது இதற்குத் தம்பி.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பின்வரிசையில் ஒரு தடியன் அழுதான். கண்ணில் தக்காளி சாஸ் பட்டதாகப் பிறகு சொல்லிக்கொண்டான்.

ஆறாவது பிஸ்கட்டும் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை; தட்டினால் சத்தம் வருமே. கைகளை உயர்த்தி, விரல்களை விரித்து, ஆட்டினார்கள். கூடம் முழுக்கக் காற்றடித்த பிர்ச் காடு போலிருந்தது.

டோவாவும் கைகளைத் தூக்கி ஆட்டினாள். சந்தோஷம் வந்தால் எப்போதும் அப்படித்தான் ஆட்டுவாள். யாராவது அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அன்று ஒரு பள்ளிக்கூடமே அவளைப் போல ஆட்டிக்கொண்டிருந்தது.

பிரிட்டா ஹாகனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஹாகன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"சத்தம் வரும் சார், வெளிய போயி கிழிங்க" என்று பிரிட்டா அவர் காதோடு கிசுகிசுத்ததுகூட, பத்தடி தள்ளி நின்ற எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

எனக்கு இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய் அந்த டிசம்பரோடு பதினொரு வருடம் ஆகியிருந்தது.