கையின் கனம்

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க சபையில பேசலாம்க்கா. வந்திருக்கிறவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டேன்" என்றான் சோத்திகஸ்.

அம்மியா தறியிலிருந்து கையை எடுக்கவில்லை. கறுப்புக் கம்பளி நூல்களின் நுனியில் தொங்கிய மண்குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஐம்பத்தேழு வயதாகி, ஊர்ச் சபைக்கே தலைவனாகியும், அவளுக்கு அவன் இன்னும் பக்கத்து வீட்டுப் பையன்தான்.

"என்ன பேசணும்?"

"ஒரே வார்த்தை. ஆமான்னு சொன்னாப் போதும்."

"அதுக்கே அனுமதியா?"

"ஒழுங்கு அப்படி இருக்கே. பொம்பளைங்க சபையில வாய் திறக்கக் கூடாதுன்னு எல்லா ஊர்த் தலைவருங்களும் சேந்து எழுதிட்டாங்க. நான் ஒருத்தன் என்ன பண்றது?"

"அப்போஸ்தலர் இருந்தப்ப நாங்க நாலு பேர் மாத்தி மாத்தி ஜெபம் பண்ணுவோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருப்பார்."

"அது அந்தக் காலம்க்கா."

அந்தக் காலம். அவன் அதைச் சொன்ன விதத்தில் குற்றமில்லை. மழை நின்றுவிட்டது என்பது போலச் சொன்னான்.

கடற்கரைப் பட்டணங்களிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் தலைவர் தலைமேல் கை வைத்து அவரை ஏற்படுத்தியது யார், பார்த்த சாட்சி உண்டா? சாட்சி இல்லாத இடத்தில் தங்கள் ஆளை வைத்துவிட்டுப் போனார்கள்.

"மூட்டை முடிச்சோட ஒருத்தனைக் கூட்டிக்கிட்டேதான் வந்திருக்காங்க" என்றான் சோத்திகஸ். "அவன் வந்தா அடிமைங்க எல்லாம் வாசலுக்கு வெளியதான் நிக்கணுமாம். விதவைங்களுக்குக் கொடுக்கிற ரொட்டியையும் யோசிச்சுத்தான் கொடுப்பானாம். நேத்தே சொல்லிட்டான்."

தான் கொண்டுவந்த வாற்கோதுமை ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். வாரம் தவறாமல் கொண்டுவருவான். தான் தின்னாவிட்டாலும் கொண்டுவருவான்.

"அப்போஸ்தலர் என் தலையில கை வெச்ச அன்னிக்கு உங்க மாமா வீட்டு முற்றத்துல இருந்தவங்கள்ல இப்ப உசுரோட இருக்கிறது நாம ரெண்டு பேர்தான். எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாதுல்ல? ஏழு வயசு எனக்கு. அந்தக் கை என்னா கனம்ங்கறீங்க! கழுத்து உள்ள போயிடுச்சு. ஆவி இறங்கற கனம் அது."

அந்தக் கனத்தை அவன் ஊருக்கே பழக்கிவிட்டிருந்தான். இந்த ஊர்ச் சபையில் ஊழியத்துக்கு ஒருவரை ஏற்படுத்தினால், தலையில் கை வைத்து, அவர் குனியும்வரை அழுத்துவார்கள். போன மாதம் ஒருவனுக்குக் கழுத்து சுளுக்கி, மனைவி மூன்று நாள் ஒலிவ எண்ணெய் போட்டு உருவிவிட்டாள்.

"சோத்திகா, அப்போஸ்தலருக்கு அப்ப முழங்கால் பிடிச்சுக்கிட்டிருந்தது. ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியாது. பக்கத்துல எது இருந்தாலும் அதை ஊனித்தான் எழுந்திருப்பார்."

ரொட்டிமேல் இருந்த அவன் கை அசையாமல் நின்றது. "எதுக்குக்கா இப்ப அது?"

அவன் முகத்தை அவள் பார்த்தாள். ஐம்பது வருஷம் ஒரே நம்பிக்கையின் கீழ் நின்ற முகம். அதை உருவிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

"சும்மா கேட்டேன். கையை எடுத்ததும் என்ன நடந்தது?"

"எனக்கென்ன தெரியும்? அம்மாகிட்டச் சொல்ல வெளிய ஓடிட்டேனே."

"ஆமா" என்றாள். "ஓடிட்டே."

அவன் போன பிறகும் அவள் நெய்துகொண்டே இருந்தாள். மாமா வீட்டு முற்றத்தில் அன்று மாலை நடந்ததைச் சொல்ல அவளுக்கு வாய்க்கவே இல்லை. பொறு, நீ சின்னப் பெண் என்றார் மாமா. பிறகு கல்யாணம். பிறகு பிள்ளைகள். பிறகு மாமா போனார், கேட்பதற்கும் ஆளில்லை. சொல்லாமல் வைத்த சொல் கெட்டுப் போவதில்லை. சொல்ல வேண்டியவள்தான் ஓய்ந்து போகிறாள். நாளைக்கு, வாய் திறக்க விடுகிற ஒரே நாளில், சொல்லிவிடலாமா?

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தது. அடிமைகள் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டையோடு வந்தவன் தலைவரின் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திரும்மா" என்றார் வந்தவர்களில் மூத்தவர். "அப்போஸ்தலர் கை வெச்சதை நீ கண்ணால பாத்தியா?"

சோத்திகஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பின்கழுத்து வியர்த்திருந்தது.

அவள் எழுந்தாள். முன்வரிசையைப் பார்த்தாள்.

"பாத்தேன்."

"இவர் தலைமேலதானா?"

"இவன் தலைமேலதான். முழு பாரத்தையும் வெச்சார்."

ஒருவர் மெழுகுப் பலகையில் எழுதிக்கொண்டார். சோத்திகஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லது. இனிமே நீ பேச வேண்டியதில்ல. உக்காரு."

அம்மியா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சொன்னதில் பொய் இல்லை. அப்போஸ்தலர் சிறுவன் சோத்திகஸின் தலையை ஊன்றித்தான் எழுந்தார். எழுந்து, எதிரே மண்டியிட்டிருந்த பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, "இனி இந்தச் சபையை நீ பாத்துக்கோ, அம்மியா" என்றார். அந்தக் கைகளில் கனமே இல்லை.