சிக்னல் கிடைக்கும் வளைவு

கடைசி வண்டி டீக்கடைக்கு வந்து சேரவில்லை.

ஹம்மு அதைக் கவனித்தபோது மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பிரான்சிலிருந்து வந்தவர்கள். மராக்கேஷில் பைக் எடுத்துக்கொண்டு, அவன் வழிகாட்ட, அட்லாஸ் மலைகளைச் சுற்ற வந்த கூட்டம்.

"ரெனே எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை.

அவன் வண்டியைத் திருப்பினான்.

கணவாயிலிருந்து இறங்கும் பாதை முழுக்க உடைகல். மழை அரித்த ஓரம். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி ஏறினான். ரெனேவுக்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும். வண்டியை நன்றாகத்தான் ஓட்டுவார். ஆனால் யாரோடும் ஒட்டமாட்டார். சாப்பிடும்போதும் ஓரத்து நாற்காலி, சவாரியிலும் கடைசி.

கணவாய்க்குச் சற்றுக் கீழே அந்தப் பைக்கைப் பார்த்தான்.

விழுந்து கிடந்திருந்தால்கூட ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். அது ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது.

ரெனே விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே, கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், ஆடு மேய்க்கும் பெண்கள் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹம்மு எஞ்சினை அணைத்தான். ஓடத்தான் தோன்றியது. ஓடாமல் நடந்தான்.

"வண்டியில ஏதும் கோளாறா, ஐயா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"இல்லை. நீங்க போங்க. நான் வராதது அங்க யாருக்கும் தெரியப்போறதில்லை."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் ஹம்முவை உலுக்கியது. பொய் என்று மறுக்கவும் வழியில்லை.

"யாரு சொன்னது? எல்லாரும் உங்களுக்காகத்தான் வாசல்ல நிக்கிறாங்க. டீயைக்கூடத் தொடல."

ரெனே அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு பழையபடி பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பாதையில் அந்த ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். ஹம்மு நாலடி தள்ளிப்போய் டீக்கடைக்கார இஜ்ஜாவைக் கூப்பிட்டான். மலைக்காரர்களின் தஷெல்ஹீத் மொழியில்தான் பேசினான். வெளியூர்க்காரருக்கு என்ன புரியப்போகிறது என்று குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"அக்கா, ஒரு உதவி. அந்தக் கூட்டத்த வெளிய கொண்டாந்து நிறுத்து. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கை தட்டணும். ரெனேன்னு பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"ஏன்டா, கல்யாண மாப்பிள்ளையா கூட்டிட்டு வர்றே? மேளத்த எடுக்கட்டுமா?"

"விளையாடாதக்கா. கிழவரு பள்ளத்தப் பாத்து உட்கார்ந்திருக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." கொஞ்சம் நிறுத்தினான். "நாம இல்லாட்டி ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லன்னு தோணிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. எம் பொண்டாட்டி தூதா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்பெயினுக்குப் போனதுல இருந்து வீட்டுப் பக்கம் கால் போகமாட்டேங்குது. சீசன் முடியப்போகுதுன்னாலே பயமா இருக்கு."

இதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏன் அப்போது வாயில் வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.



"சரி, கூட்டிட்டு வா" என்றாள்.

அவன் திரும்பியபோது ரெனே எழுந்து நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அவரை முன்னால் விட்டான்.

இஜ்ஜா சொன்னதற்கு மேலேயே செய்திருந்தாள். தாம்பாளத்தைத் தட்டிக் குலவையிட்டாள். கூட்டம் எதற்கென்று முழுக்கத் தெரியாமலே "ரெனே! ரெனே!" என்று கத்தியது. ஒருவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். ரெனே ஒருவர் விடாமல் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்து ஹம்மு அன்றுதான் பார்த்தான்.

எல்லாரும் உள்ளே போனார்கள்.

ஹம்மு வெளியே குந்தி உட்கார்ந்து, துடைக்கத் தேவையே இல்லாத ஒரு பைக் சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தான். உள்ளே ரெனேயைச் சுற்றி ஒரே பேச்சு. வழிகாட்டியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும் வழக்கமும் இல்லை.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். ரெனே. இரண்டு கையிலும் புதினா டீ.

"இந்தா தம்பி, குடி. ஆறிடப்போகுது."

கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் அது பிரெஞ்சு இல்லை என்று ஹம்முவுக்கு உறைத்தது. தஷெல்ஹீத். அதுவும் தெற்குச் சரிவுக் கிராமங்களின் இழுவையோடு.

வளைவில் நின்று போனில் பேசியது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. முகம் கொதித்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான் மெதுவாக.

"சுரங்கத்துல. வட பிரான்சுல, நிலக்கரி வெட்டுற இடம். என் ஷிப்டுல பாதிப்பேரு உங்க மலைக்காரங்க. பூமிக்கு அடியில இருந்தவரைக்கும் நானும் வேற மொழி பேசினதில்ல." அவர் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "நெஞ்சுல கரித்தூசி அடைச்சு ஒவ்வொருத்தனா போயிட்டான். போன குளிர்காலத்துல, மிச்சமிருந்த உமரும் போயிட்டான். அதோட பேச ஆளில்ல. அதான் இங்க வந்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஐயா."

ரெனே டீயை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.

"மொத நாள் காலையில உங்கிட்ட நம்ம பாஷையிலதான் பேசினேன். நீ பிரெஞ்சுல பதில் சொல்லிட்டுப் போயிட்டே."