மீன் இல்லாத இடம்

அண்ணன் சுக்கானைப் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

சுக்கான் திரும்பியதில் படகு ஒரு வட்டமடித்துத் தன் வலை மேலேயே ஏறியது. எஞ்சினின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

தம்பி அவரை இழுத்து, ஈர வலைக் குவியல் மேல் படுக்கவைத்தான். அண்ணன் இடது கையை மார்போடு சேர்த்து இறுக்கியிருந்தார். முகம் வெளிறி, வேர்வை கொட்டியது.

கரை மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. கைபேசியில் சிக்னல் போய் வெகு நேரமாகியிருந்தது. மிச்சம் இருந்தது வாக்கி டாக்கி.

அதைத் தொடத்தான் தம்பி தயங்கினான்.

இருபது வருஷமாக அந்த வாக்கி டாக்கியில் அண்ணன் ஒரு உண்மை பேசியதில்லை. வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டிருக்கும்போது, குரலில் துக்கத்தைக் குழைத்து, “இங்க வெறுங்கடல்தான்பா, டீசலுக்குப் பிடிச்ச கேடு” என்பார். ஒன்றும் அகப்படாத நாளில் மூச்சிரைக்க, “இடத்தை மட்டும் கேக்காதீங்க” என்பார். வெறுங்கடல் என்பதே அவர் பெயராகிவிட்டது.

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அண்ணன் கொஞ்சம் நேர்த்தியாகச் செய்தார், அவ்வளவுதான். அவர் சொல்வதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டால் போதும், கணக்கு தப்பாது என்று கடலில் எல்லாருக்கும் தெரியும்.

தம்பி பொத்தானை அழுத்தினான்.

“பாறைத் திட்டுக்குத் தெக்க நிக்கிறோம். அண்ணனுக்கு நெஞ்சு வலி. வலை சுத்தி எஞ்சினும் நின்னுபோச்சு. யாராவது வாங்க.”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு பச்சைப் படகுக்காரரின் குரல்.

“போன மாசம் எஞ்சின், இந்த மாசம் நெஞ்சா? நாங்க வலையைச் சுருட்டிக்கிட்டு ஓடி வரணும், நீங்க எங்க இடத்துல வந்து விரிக்கணும். ஆளை விடு சாமி.”

தம்பி மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை அழுகை வந்துவிட்டது.

“அட, தம்பியும் தொழில் கத்துக்கிட்டான்யா. அழுகை அசலாட்டம் இருக்கு” என்றார் வேறொருவர். பல படகுகளிலிருந்து சிரிப்பு கேட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். ஒரு விரலை மட்டும் ஆட்டினார். தம்பி வாக்கி டாக்கியை அவர் வாயருகே கொண்டுபோனான்.

“இங்க ஒரு பொடி மீன்கூட இல்லப்பா,” என்றார் அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டார். “யாரும் வராதீங்க.”

சிரிப்பு நின்றது. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பத்தே நிமிஷத்தில் வடக்கே புள்ளிகள் தெரிந்தன. பதினொரு படகுகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, அலையில் குதித்துக் குதித்து வந்தன. தம்பிக்குப் போன உயிர் திரும்பியது. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் வீசினான்.

ஆனால் கடலிலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் வலை போட்ட இடத்தில் அடுத்தவர் கூப்பிடு தூரத்துக்குள் வரக் கூடாது. பதினொரு படகுகளும் கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் நின்றன. ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்களைப் போல ஆளுக்கு ஒரு திசையில் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு வலையை இறக்கினார்கள்.

தம்பி சட்டையை வீச வீச, விரட்டுகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக இறக்கினார்கள்.

“பதறாதே தம்பி, உங்களுக்கும் மிச்சம் வைப்போம்” என்றார் பச்சைப் படகுக்காரர், வாக்கி டாக்கியில், பெருந்தன்மையாக.

அப்போதுதான் பன்னிரண்டாவதாக ஒரு பழைய படகு வந்தது. அது மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. பதினொரு வலைகளுக்கும் நடுவே புகுந்து நேராக வந்து ஒட்டி நின்றது. அதில் இருந்தவருக்குத் தலை நரைத்திருந்தது, எல்லாருக்கும் மாமா. அவருடைய வாக்கி டாக்கி தண்ணீரில் விழுந்து ஊமையாகி மூன்று மாசம் ஆகிறது. தம்பி சொன்ன உண்மையும் அவர் காதில் விழவில்லை, அண்ணன் சொன்ன பொய்யும் விழவில்லை. ஒருவன் சட்டையை வீசுவதை மட்டும் பார்த்திருந்தார்.

“என்னப்பா ஆச்சு?” என்றார். பதில் வருமுன்பே கயிற்றை எறிந்தார்.

பாதி வழியில் அண்ணன் போய்விட்டார்.

பதினொரு வலையிலும் அன்று நல்ல மீன்பாடு. அண்ணன் கடைசியாகச் சொன்னதும் பொய்தான்.

மாலையில் அவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே அண்ணி இருந்ததால் வாசலைத் தாண்டவில்லை. பச்சைப் படகுக்காரர் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்டா, பாவி நான்” என்று தேம்பினார்.

தம்பி யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவனுக்குப் பெரிய மனசு என்று கரையெல்லாம் பேசிக்கொண்டார்கள். இன்றும் பேசுகிறார்கள்.

அன்று விடியலில் படகைத் தள்ளும்போது நடந்ததை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அண்ணன் தள்ளுவதை நிறுத்திவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி மார்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று தம்பி கேட்டான்.

“வாயுப் பிடிப்புடா. நீ ஏறு.”

இருபது வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் கேட்டவன், ஏறினான்.