தடைக்கு வந்த கோபம்

மைதானக் கிடங்கில் சிவப்பு அணியின் பந்தும் நீல அணியின் பந்தும் கீரியும் பாம்பும்தான். "தோத்தாங்குளி!" "போடா, காத்துப்போனவனே!" என்று ஓயாமல் ஏசிக்கொள்ளும். மூலையில் நின்ற தடை அதைக் காதில் வாங்கவில்லை. அன்று மாலை பெண்களின் தடை தாண்டும் ஓட்டம். அதற்காகவே அது காத்திருந்தது.

"சாயங்காலம் எங்க ஆட்டம். ஓடுபாதை மேல ரசிகர்களுக்கு நாற்காலி போட்டாச்சு. பொண்ணுங்க ஓடத் தடை!" என்றது சிவப்பு.

"ஆமாண்ணே, தடைதான்," என்றது நீலம்.

தடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு மட்டும் அண்ணன் தம்பியா? என் பேரை ஏன்டா கெடுக்கிறீங்க? நான் தாண்டுறதுக்காக நிக்கிறவ. நீங்க பண்றது வழிமறிப்பு!"

பந்துகள் சிரித்தன. சன்னலுக்கு வெளியே பெண்கள் நாற்காலிகளைப் பார்த்து நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடத் தொடங்கினார்கள்.