அடுப்படி வரை கேட்கும் சத்தம்

‘இருக்கிறதுலயே எந்த சுவிட்ச் ரொம்பச் சத்தம் போடும்?’

கனகாம்பரம் என்ற பெயரில் குழுவுக்குள் வந்திருந்த புது ஆள் மூன்றாவது முறையாக அதையே கேட்டதும் ஸ்டீபன்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் போனில் நடத்தும் அரட்டைக் குழுவில் நூற்றுப்பத்துப் பேர். திண்டுக்கல், மதுரை, தேனி என்று ஊருக்கு நாலு பேராக உட்கார்ந்துகொண்டு சொந்தமாகக் கீபோர்டு கட்டுகிறவர்கள். கடையில் போய் வாங்கினால் பத்து நிமிடத்தில் முடிகிற காரியத்தை மூன்று மாதம் இழுத்துச் செய்வதில் அவர்களுக்கு ஒரு சுகம். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் இருக்கும் குட்டி சுவிட்சைத் திறந்து, தூரிகையால் கிரீஸ் தடவித் திரும்ப மூடுவார்கள். ஒரு கீபோர்டுக்கு நூற்று நான்கு முறை. அம்புட்டுப் பாடும் சத்தத்தை ஒழிக்கத்தான்.

இந்த ஆளுக்கு மட்டும் சத்தம் வேண்டுமாம்.

சுவிட்சுகளை எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாக வரவழைப்பது குழுவின் வழக்கம். பட்டியல் எழுதுவது ஸ்டீபன்ராஜ். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூட வேண்டும். பதினொன்றே முக்கால் ஆகியும் கனகாம்பரம் விடுகிற மாதிரி இல்லை.

‘கதவைச் சாத்தினாலும் அடுப்படி வரைக்கும் கேக்கணும்.’

‘பேசாம மைக்செட் வாங்கிக்கங்க’ என்று எழுதினான் மதுரைக்காரன் பைசல். ‘ஏனுங்க, பக்கத்து வீட்டோட சண்டைங்களா?’ என்று கேட்டான் ஒட்டன்சத்திரத்து சிவபிரகாஷ். சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டி வந்தன.

ஸ்டீபன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மடியில் பாதி கழற்றிய கீபோர்டு ஒன்று கிடந்தது. அதன் ஸ்பேஸ் பார் ஒரு வாரமாக லொடலொடத்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

“ரீனா, காது குடையுற பஞ்சுக் குச்சி எங்க இருக்கு?” என்று ஹாலில் இருந்தபடியே கத்தினான்.

அறைக் கதவு திறந்தது. அவன் மனைவி ரீனா வந்து, அவன் கைக்கு எட்டுகிற அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளை நினைத்தாலும் அவனுக்கு எரிச்சல்தான். நோயாளிகளின் படிவங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை, வீட்டிலிருந்தே. அவளுடைய பழைய கீபோர்டு தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கத்தும். மூன்று மாதத்துக்கு முன்னால், கல்யாண நாளுக்கென்று, அவனே ராப்பகலாக உட்கார்ந்து ஒன்று கட்டிக் கொடுத்தான். முழு வேகத்தில் தட்டினாலும் மூச்சு விடாது. படம் போட்டதும் குழுவே கொண்டாடித் தீர்த்தது. பழையதை அவன் காயலான் கடையில் போட்டுவிட்டான்.

அதற்கப்புறம்தான் அவள் தப்பு விட ஆரம்பித்தாள். எழுபத்தொரு வயதுக்காரரைப் பதினேழு ஆக்கினாள். ஆணைப் பெண்ணாக்கினாள். அலுவலகத்திலிருந்து இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று போன வாரம் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“இம்புட்டு நல்ல கீபோர்டுல எப்படித்தான் தப்பு விடுற?” என்று நேற்றுகூடக் கேட்டான். அவள் எழுந்து போய்விட்டாள்.

“ரீனா, சும்மாதானம்மா உக்காந்திருக்க, என் கண்ணாடியச் செத்தப் பாத்துக் குடு.” வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த அப்பா சூசைமாணிக்கம் குரல் கொடுத்தார்.

கதவு திறந்தது. கண்ணாடி போய்ச் சேர்ந்தது. கதவு மூடியது.

ஸ்டீபன்ராஜ் போனை எடுத்தான். இந்தக் கனகாம்பரத்துக்கு ஒரு பாடம் எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

‘நல்ல கீபோர்டு சத்தம் போடாது. அது தெரியாம இந்தக் குழுவுக்கு ஏன் வந்தீங்க? சத்தத்த வச்சு என்ன செய்யப் போறீங்க?’

கனகாம்பரம் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது.

‘சத்தம் கேட்டாத்தான் நான் வேலை பாக்கிறேன்னு நம்புறாங்க. கேக்கலன்னா சும்மா இருக்கேன்னு நினைச்சு ஆளாளுக்குக் கூப்பிடுறாங்க. ஒரு படிவத்தை முழுசா முடிக்க முடியல.’

ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரச்சினை, அதையெல்லாம் என் தலையில் கொண்டுவந்து கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

‘சரி, முகவரி அனுப்புங்க. கொரியர்ல வரும்.’

‘கொரியர் வேண்டாம். உங்க மேசையிலயே வச்சிருங்க. அடுத்த தடவை நீங்க கூப்பிடுறப்ப வந்து எடுத்துக்கிறேன்.’

அவன் அதை இரண்டு முறை படித்தான். பஞ்சுக் குச்சி டப்பாவைப் பார்த்தான். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராதபடிதான் கட்டியிருந்தான்.

“ரீ...” என்று கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

“ரீனா, சும்மாதான இருக்க, வந்து இந்தத் தேங்காயத் துருவிக் குடு” என்று அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

“அவ வேலையா இருக்காம்மா. நான் வாரேன்.”

கைப்பிடி பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மெல்ல மேலே போனது.

பட்டியலின் கடைசி வரியில் ‘கனகாம்பரம், நூற்று நான்கு, இருப்பதிலேயே சத்தமானது’ என்று எழுதிவிட்டு, ஸ்டீபன்ராஜ் தேங்காய் துருவப் போனான்.