பலகைத் தரை

வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் எல்லோரும் பலகைத் தரையைத் தடதடவென்று மிதித்தார்கள். பேராசிரியர் வெறுங்காலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லாத்தானேடி நடத்தினாரு? எதுக்கு இப்படி விரட்டுறீங்க?" என்று அறைத்தோழியிடம் கேட்டாள்.

"யாரு விரட்டினா?"

"அவரும் லேசுப்பட்டவர் இல்ல. சந்தேகத்தை வாயால கேட்கக் கூடாதாம், சீட்டுல எழுதித் தரணுமாம். அவ்வளவு ராங்கி! போகும்போது செருப்பை வேற கழட்டிட்டு நிக்கிறாரு. என்ன ஊரோ, என்ன வழக்கமோ!"

தோழி சிரித்தாள். "அவருக்குச் சுத்தமாக் காது கேக்காதுடி. நாங்க கை தட்டினா எப்படிக் கேக்கும்? மிதிச்சா, தரை அதிர்றது உள்ளங்காலுக்குத் தெரியும்ல?"

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மிதித்த மிதியில், புதியவளின் செருப்பு வார் அறுந்தது.