மேல்மண்

மண்ணைக் காணவில்லை.

அவள் காற்றாலைக் கோபுரத்தின் அடியில் நின்று சுற்றிலும் பார்த்தாள். ஆள் உயரத்துக்குக் குவித்து, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்கிய செம்மண் மேடு அங்கே இருந்திருக்க வேண்டும். போன மாதம் அவளே அதன்மேல் ஏறி, குதிகாலால் குத்திப் பார்த்திருந்தாள்.

இப்போது கான்கிரீட் தளம் மொட்டையாகக் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, ஓர் ஓரத்தில் கோலமும் போட்டிருந்தார்கள்.

கிழக்கே, பள்ளமாக இருந்த நிலம் மட்டமாகியிருந்தது. அதன்மேல் பந்தல். மேடை. வரிசை வரிசையாக நாற்காலிகள். அவற்றின் கால்கள் புதுச் செம்மண்ணில் புதைந்து நின்றன.

அவளுடைய மண்.

இந்தப் பொட்டலில் முழங்கால் ஆழத்திலேயே பாறை. அடித்தளத்தை ஆழமாகப் புதைக்க வழியில்லை. அதனால் இன்ஜினியரான அவள் அதைப் பாறைமேல் அகலமாக விரித்து, மேலே மண்ணை ஏற்றச் சொல்லியிருந்தாள். மேற்குக் காற்று கோபுரத்தைத் தலையில் பிடித்துக் கிழக்கே தள்ளும். மண் அதன் காலைப் பிடித்துக்கொள்ளும். அவள் போட்ட கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

சைட் மேனேஜர் தாணப்பன் பட்டு வேட்டியில் வந்தார். மண் எங்கே என்று கேட்டாள்.

முதலாளி வருகிற இடத்தில் மேடும் குப்பையுமாக எப்படி விடுவது என்றார். பந்தல் போடப் பள்ளத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரே ஜேசிபி, இரண்டு வேலையும் முடிந்தது. பெருமையாகவே சொன்னார்.

திறப்பு விழாவை நிறுத்தச் சொன்னாள். அது முடியாதென்றால் பந்தலிலிருந்து ஆட்களையாவது மேற்குப் பக்கம் மாற்றச் சொன்னாள்.

அவர் சிரித்தார். சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள்.

“நூறு யானை கனம் மேடம் இது. நாலு கூடை மண்ண எடுத்தா சாஞ்சிருமாக்கும்? பூசணிக்காயும் ஒடச்சாச்சு. போயி காப்பி குடிங்க.”

சென்னை அலுவலகத்துக்குப் பேசினாள். விழா நடக்கட்டும், மண்ணை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவளை யார் அங்கே போகச் சொன்னது என்றும் கேட்டார்கள்.

ஆடிக் காற்று. பந்தல் துணி அடித்துக்கொண்டது.

மேலே இறக்கைகள் பாதிக் காற்றைத்தான் பிடித்துச் சுற்றின. முதலாளி மேடையில் பொத்தானை அழுத்தியதும் முழுக் காற்றையும் பிடிக்கும்.

அவள் தளத்தின் மேற்கு விளிம்புக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். கான்கிரீட்டும் பாறையும் சேருமிடத்தில் விரலை வைத்தாள். காற்று வீசியபோது உள்ளிருந்து கொஞ்சம் தூசி ஊதிக்கொண்டு வந்தது.

கைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்தாள். அடுத்த வீச்சுக்குக் காத்திருந்தாள்.

கார்டு பாதிவரை உள்ளே போயிற்று.

காற்று தணிந்தது. இழுத்தாள். வரவில்லை.

தாணப்பன் பின்னாலேயே வந்து நின்றார். அவள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து இழுத்தார்.

“பசை கிசை வச்சு ஒட்டிருக்கியாம்மா?”

மறுபடி இழுத்தார். அசையவில்லை.

காற்று வந்தது. கார்டு தானாகவே அவர் கையோடு வந்தது.

சிரிப்பு முகத்தில் போட்டது போட்டபடி நின்றது. அவர் அந்தப் பிளவைப் பார்த்தார். அது மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.

பந்தலிலிருந்து எல்லாரையும் எழுப்பச் சொல்லி இப்போது கத்துவார் என்று அவள் நினைத்தாள்.

அவர் கார்டைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். போனை எடுத்தார்.

“பாப்பாவக் கூட்டிக்கிட்டு கார்ல போயி உக்காரு. ஏன்னு கேக்காத.”

டிரைவரையும் அழைத்தார். காரை மேற்கே, கம்பி வேலியை ஒட்டி நிறுத்தச் சொன்னார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை.

முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி வரமாட்டேன் என்று அடம்பிடித்து, இழுபட்டுப் போனாள்.

இரண்டு நாற்காலிகள் காலி.

முதலாளி வரும்போது முன்வரிசை காலியாக இருக்கலாமா. யாரோ ஓடிப்போய் பின்னாலிருந்து இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். முன்னிடம் கிடைத்த சந்தோஷத்தில் அவர்கள் காலை ஆட்டினார்கள்.

ஒலிபெருக்கி முதலாளியை மேடைக்கு அழைத்தது.

கோபுரத்தின் கதவு சில படிகளுக்கு மேலே இருந்தது. மாலை போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே, நுழைந்ததும் வலப்பக்கம், இறக்கைகளை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்.

அவள் நடந்தாள்.

தாணப்பன் முந்திக்கொண்டு ஓடினார். இரண்டாம் படியில் ஏறி, இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றார்.

“ஏறுன, இன்னையோட ஒன் வேல போச்சு. வேற எவனும் ஒன்ன உள்ள விடமாட்டான்.”

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். முன்வரிசையில் அந்தப் பிள்ளைகள் இரண்டும் கைதட்டிக்கொண்டிருந்தன.

“போச்சுன்னு சொல்லுதேன்லா.”

சொல்லிக்கொண்டே ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து, கொஞ்சம் ஒதுங்கினார்.